கடன் விற்பனையும் அதற்குரிய இன்ஷியூரன்ஸும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் மரவள்ளி பயிரிடும் குடியானவர்கள், கிழங்கை ஆலைக்கு ஏற்றியனுப்பிவிட்டுக் கிரயத்திற்காக வாரக்கணக்கில் காத்திருப்பது புதிதன்று. ஆலைக்காரரைக் கேட்டால், ஜவ்வரிசி வாங்கிய வியாபாரி இன்னும் பணம் அனுப்பவில்லை என்பார். வியாபாரியைக் கேட்டால், மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ உள்ள மொத்தக் கடைக்காரரின் பாக்கியைச் சொல்வார். அப்பிரதேசங்களில் விரத நாட்களுக்கென்று விற்பனையாகும் ஜவ்வரிசியின் விலை, இவ்வாறு கைமாறிக் கைமாறியே ராசிபுரத்துக் காட்டுக்கு வந்து சேர வேண்டும். நடுவில் ஒருவர் முறிந்தால் பின்னால் உள்ளவர்கள் யாவருக்கும் நஷ்டம்.

சில வருஷங்களுக்கு முன் இவ்வாறு நேர்ந்ததை இக்கட்டுரையாளன் நேரில் கண்டதுண்டு. ஏழு ஏக்கர் கிழங்கை ஒரே ஆலைக்குக் கொடுத்த ஒரு குடியானவரிடம் இருந்த ஆதாரம், எடையும் மாவுப்புள்ளியும் குறித்த துண்டுச் சீட்டுகள் மாத்திரமே. பணம் கொடுக்க வேண்டிய தேதியோ, கையொப்பமோ அவற்றில் இல்லை. ஆலைக்காரர் மோசக்காரர் அல்லர். அவரிடம் சரக்கு வாங்கியவர் கடையை மூடிவிட்டார், அவ்வளவே. மறு பட்டத்து மஞ்சள் விதைக்கும் உரத்திற்கும் அந்தக் குடும்பம் நகையை அடகு வைக்க நேர்ந்தது.

தீ விபத்துக்கும் கப்பற்சேதத்துக்கும் இன்ஷியூரன்ஸ் உண்டென்பதை யாவரும் அறிவர். சரக்கு வாங்கியவர் பணம் கொடாமற்போவதற்கும் இன்ஷியூரன்ஸ் உண்டென்பதை அறிந்தவர் சிலரே. கடனுக்கு விற்பவர், தம் விற்பனைத் தொகைக்கேற்பப் பிரீமியம் செலுத்துகிறார். வாங்கியவர் திவாலாகிவிட்டாலும், வாய்தா கடந்து வெகுநாள் பணம் தராவிட்டாலும், நஷ்டத்தில் பெரும்பகுதியைக் கம்பெனி ஈடு செய்கிறது. முழுத் தொகையையும் கொடுப்பதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு ஈடு என்ற ஏற்பாட்டில் 20 லட்சம் ரூபாய் பாக்கி முழுகினால், 18 லட்சம் கிடைக்கும். 2 லட்சம் விற்றவர் தலையில் நிற்கும். இந்தப் பங்கை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். முழுதும் கிடைக்குமென்றால், முன்பின் விசாரியாமல் எவருக்கும் சரக்குக் கொடுக்கத் துணிவு வந்துவிடுமன்றோ?

இங்கிலாந்து அரசாங்கம் 1919-ஆம் வருஷத்திலேயே ஏற்றுமதிக் கடனுக்கு உத்தரவாதம் தர ஓர் இலாகாவை அமைத்தது. நமது தேசத்தில் 1957-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ஆம் தேதி மத்திய சர்க்கார் இதற்கென ஒரு கார்ப்பொரேஷனை ஸ்தாபித்தனர். பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட அது, பலமுறை பெயர் மாறி, 2014 முதல் இ.ஸி.ஜி.ஸி. லிமிடெட் என்று வழங்குகிறது. நாமக்கல்லிலிருந்து வளைகுடா தேசங்களுக்கு முட்டை அனுப்புவோர் முக்கியமாக அறிய வேண்டிய ஸ்தாபனம் இதுவே. வாங்குபவரின் திவாலுக்கும் நாணயக்கேட்டுக்கும் மாத்திரமின்றி, அவருடைய தேசத்தில் யுத்தம் மூளுதல், சரக்கு புறப்பட்ட பின் இறக்குமதிக்குத் தடை விதித்தல், பணம் வெளியே செல்லவொட்டாமல் தடுத்தல் ஆகிய அரசியல் ஆபத்துகளுக்கும் அதன் பாலிசிகளில் இடமுண்டு.

இவை வெறும் கற்பனை ஆபத்துகள் அல்ல. 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஓமன் தேசம் இந்திய முட்டைகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவதை நிறுத்தியபோது, நாமக்கல் முட்டைகள் சோகார் துறைமுகத்தில் இறக்கப்படாமல் தேங்கின. இத்தகைய சமயத்தில் ஈடு கிடைக்குமா என்பது பாலிசியின் ஷரத்துகளைப் பொறுத்தது. வாங்குபவர் பெறவேண்டிய அனுமதியை முன்கூட்டியே பெறாமலிருந்ததால் வந்த நஷ்டம் பொதுவாக இதில் சேராது. தடை எப்பொழுது வந்தது, சரக்கு எப்பொழுது கப்பலேறியது, அனுமதி யார் கையில் இருந்தது என்ற மூன்று தேதிகளையே கம்பெனி முதலில் கேட்கும்.

மற்றும் சில நிபந்தனைகளும் உண்டு. ஒவ்வொரு வாங்குபவருக்கும் இவ்வளவு வரைதான் கடன் கொடுக்கலாம் என்ற வரம்பைக் கம்பெனி, அவருடைய நிலைமையை விசாரித்து நிர்ணயிக்கிறது. வரம்புக்கு மேல் அனுப்பிய சரக்கு அனுப்பியவரின் பொறுப்பு. பொதுவாக எல்லா விற்பனையையும் கணக்கில் காட்ட வேண்டும். சந்தேகமான ஆசாமிக்கு மட்டும் பாலிசி எடுப்பது என்ற யுக்தி செல்லாது. வாய்தா தவறியதை உரிய காலத்தில் அறிவிக்க வேண்டும். பழைய பாக்கி நிற்கையில் அதே ஆசாமிக்குப் புதிதாக அனுப்பினால் ஈடு கேட்கும் உரிமைக்குப் பங்கம் வரும். நம் வியாபாரிகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கொடுக்காவிட்டால் பழைய பணமும் வராதென்று அஞ்சி மேன்மேலும் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். சரக்கின் தரத்தைப்பற்றித் தகராறு எழுந்தால், அது தீரும் வரை பணம் கிடையாது. முட்டை அழுகினாலும், ஜவ்வரிசி நிறம் மங்கினாலும் அது இந்த இன்ஷியூரன்ஸைச் சேர்ந்த விஷயமன்று.

உள்நாட்டு விற்பனைக்கும் ஜெனரல் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் இத்தகைய பாலிசி தருகின்றன. இதற்கென 2010-இல் வகுத்த விதிகளை இன்ஷியூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் திருத்தி அமைத்தது. பிரீமியத்தைச் சரக்கு, வாய்தா, வாங்குபவரின் யோக்கியதை இவற்றை வைத்து நிர்ணயிக்கிறார்கள். கணக்குக்காக நூற்றுக்கு அரை ரூபாய் என்று கொண்டால், வருஷம் 2 கோடிக்குக் கடனில் விற்கும் ஆலைக்கு 1 லட்சம் ரூபாய் ஆகும்.

1981-இல் ஏற்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் சரக்கை வைத்து, அதன் ஈட்டின்மேல் முன்பணம் பெற்று, டெண்டரில் விற்கும் ஆலைகளுக்கு இந்தக் கவலை குறைவு. வெளியே நேரில் கடனுக்கு விற்பவர்களே யோசிக்க வேண்டியவர்கள். சிறு தொழில்களுக்கான 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு ஆலைக்குத் தரவேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தரவேண்டும். தவறினால் வட்டியும் உண்டு. ஆயினும் கையில் ஒன்றுமில்லாத திவாலாளியிடம் சட்டம் எதைப் பெற்றுத் தரும்?

குடியானவர் தனித்து நின்று ஏழு ஏக்கர் கிழங்குக்கு இப்பாலிசி எடுப்பது நடைமுறையில் இயலாத காரியம். ஆலைக்காரர் எடுத்திருந்தாலும் ஈட்டுத்தொகை ஆலைக்காரருக்கே சேரும். அதன்மேல் குடியானவருக்கு நேர்பாத்தியதை கிடையாது. ஆனால் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியாகக் கூடிப் பொருளை நேரே விற்பவர்கள், விற்பவர் என்ற ஹோதாவில் பாலிசி பெற முயலலாம். அதற்கு ஒழுங்கான விற்பனைப் பட்டியல்களும் தணிக்கையான கணக்கும் வேண்டும். மஞ்சள் விளைவிப்போர் ஏலத்தில் விற்குமிடங்களை நாடுவது நலம்.

கடனுக்கே கிழங்கு கொடுக்க நேர்ந்தால், எடை, புள்ளி, விலை, பணம் தரும் தேதி நான்கும் எழுதி ஆலையின் முத்திரையுடன் கையொப்பம் வாங்கிக்கொள்க. முதல் லோடின் பணம் வந்தபின் மூன்றாவது லோடை ஏற்றுக. எழுதத் தெரியாதவர்களுக்காகக் கிராம உத்தியோகஸ்தர்கள் இச்சீட்டின் மாதிரி ஒன்றைச் சாவடியில் ஒட்டிவைத்தால், அறுவடைக்கு முன்பே அதைப் பார்த்துக் கேட்டு வாங்குவார்கள்.