குறைந்த கரி, நிறைந்த வேலை: வீட்டு உலைக்கு 25 குறிப்புகள்

வெம்பாக்கம் பக்கத்தில் பட்டுத் தறியும் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையும் அருகருகே இருக்கின்றன. தறி ஓட்டுபவருக்குக் கொக்கியும் முளையும் வேண்டும். வயலுக்குப் போகிறவருக்குக் களைக்கொட்டும் கொடுவாளும் வேண்டும். கொல்லுப்பட்டறைகள் குறைந்துவிட்ட இந்நாளில் ஒரு கொக்கி வளைக்கக்கூட டவுனுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

இரும்பு நம் மண்ணுக்கு மிகப் பழைய பொருள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. களிமண், மரக்கரி, ஊதும் காற்று ஆகிய மூன்றையும் வைத்துத்தான் அன்றைய கொல்லர்கள் வேலை செய்தார்கள். வீட்டு உலைக்கும் அவை போதும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இரும்பை உலையில் வைத்து எடுக்கும் ஒவ்வொரு சூடும் கரியைத் தின்னும். இரும்பின் மேல்தோலையும் செதிலாக உதிர்க்கும். ஆகவே சிக்கனம் என்பது சூடுகளைக் குறைப்பதுதான்.

இடமும் நேரமும்

1. உலையைக் கொல்லைப்புறத்தில், வானம் தெரியும் இடத்தில் வையுங்கள். கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், காயப்போட்ட துணி எதுவும் பொறி பறக்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. தரை மண்தரையாக இருப்பது நல்லது. பழுத்த இரும்பு சிமெண்ட் தரையில் விழுந்தால் சிமெண்ட் வெடித்துச் சில்லு பறக்கும்.

2. காற்று தறிக்கூடத்தை நோக்கி வீசும்போது உலை மூட்டாதீர்கள். தெருவில் பாவு ஆற்றும் காலை வேளையிலும் வேண்டாம். வெளிர் நிறப் பட்டில் கரித்தூசி படிந்தால் பல நாள் உழைப்பு கறையோடு நிற்கும்.

3. மழை என்று அறைக்குள் உலையைக் கொண்டுபோகாதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயக்கம் வந்த பிறகு எழுந்து வெளியே போக முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. மழை நாளில் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

4. சாயங்காலம் அல்லது அடர்ந்த மரநிழல் ஏற்றது. வெயிலில் இரும்பின் சிவப்பு மங்கித் தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்து இரும்பைக் கருக்கிவிடுவோம்.

உலையும் கரியும்

5. அடி கெட்டியாக உள்ள பழைய இரும்புச் சட்டியே உலை. களிமண்ணும் சலித்த சாம்பலும் சம அளவு சேர்த்துப் பிசைந்து, உள்ளே மூன்று விரல் கனத்துக்குப் பூசுங்கள். நிழலில் நன்றாகக் காயட்டும். வெடிப்புகளை அதே கலவையால் அடைத்து, முதலில் சுள்ளித் தீ மட்டும் போட்டுச் சுடுங்கள். ஈரத்தோடு பெருந்தீ மூட்டினால் பூச்சு பெயர்ந்து விழும்.

6. காற்றுக்குழாயைச் சட்டியின் பக்கவாட்டில் செருகுங்கள். மரக்கரிக்குப் பக்கக் காற்றே ஒத்துவரும். அடியிலிருந்து ஊதினால் கரி வீணாகப் பறக்கும். ஒரு அங்குலக் கருப்பு இரும்புக் குழாய் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் கூடவே கூடாது. அதற்கான காரணம் 14-ம் குறிப்பில் இருக்கிறது.

7. இரும்பைக் குழாய் வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். அங்கே எரியாத காற்று மிகுதி; இரும்பு செதில் செதிலாக அரிக்கும். குழாய்க்கு மேலே நாலு விரல் கனத்துக்குக் கரி இருக்க, அதன்மேல் இரும்பைக் கிடத்தி, மேலேயும் கரியால் மூடுங்கள்.

8. கையால் சுற்றும் ஊதல் மிஷின் சிறந்தது. சுற்றுவதை நிறுத்தினால் கரி எரிவதும் அடங்கும். ஹேர் டிரையரை உபயோகித்தால் குளிர்காற்றில் வைத்து, குழாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். கைமுஷ்டி அளவுக்கு நடுத்தீ வெளுத்திருந்தால் போதும். சட்டி முழுதும் பழுக்க வேண்டியதில்லை.

9. சீமைக்கருவேலங்கரி எளிதில் கிடைப்பது, நன்றாகக் காய்வது. கொட்டாங்குச்சிக் கரி இன்னும் கெட்டி, ஆனால் காற்று அதிகம் கேட்கும். இரண்டையும் கலந்து போடலாம். கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துவிடுங்கள். பெரிய கட்டிகளுக்கு நடுவே சூடு நிற்காது. தூள் காற்றை அடைக்கும். ஈரக்கரி படபடவென்று வெடிக்கும் என்பதால் சாக்கை மழை படாமல் வையுங்கள்.

10. தீ ஓரங்களுக்குப் பரவினால் துளையிட்ட டப்பாவால் ஓரத்தில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். வேலை முடிந்ததும் கனிந்த கரியை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு மூடுங்கள். காற்றில்லாமல் அணைந்த கரி அடுத்த முறை சட்டென்று பிடிக்கும். அந்த டின் இரவு முழுதும் வெளியிலேயே இருக்கட்டும்.

கருவிகள்

11. பட்டடைக்கு ரயில் தண்டவாளத் துண்டு நல்லதுதான். ஆனால் பில் இல்லாமல் பழைய இரும்புக் கடையில் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குப் பதிலாகப் பழைய எட்டுப் பவுண்டு சம்மட்டியின் தலையை, முகம் மேலே பார்க்கும்படி, புளியங்கட்டையில் குடைந்து இறுக்குங்கள். கொக்கிக்கும் களைக்கொட்டுக்கும் அந்த முகம் போதும். சுத்தியலால் வெறும் முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள். இரண்டும் கெட்டியான எஃகு. சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.

12. நின்று அடிப்பவருக்குப் பட்டடையின் மேல்முகம், கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் முஷ்டி தொடும் உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு வலிக்கும். சுத்தியல் ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். அதன் முகத்து ஓரங்களை அரத்தால் மழுக்கினால் இரும்பில் தழும்பு விழாது.

13. குறடு இல்லையே என்று நிற்க வேண்டாம். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் வேலையை முடித்து, கடைசியில் வெட்டிரும்பால் துண்டியுங்கள். மறுமுனை கைபிடிக்கும் சூட்டிலேயே இருக்கும். வெட்டும்போது பட்டடை மேல் ஒரு தகடு போட்டுக்கொண்டால் வெட்டிரும்பின் வாய் மழுங்காது.

இரும்பைத் தேர்தல்

14. உலையில் போடக்கூடாதவை: ஜி.ஐ. பைப், ஜி.ஐ. கம்பி, முலாம் பூசியது, பழைய பெயின்ட் அடித்தது. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகிவிடும். உலை அதைவிடச் சூடு. அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். இருபுறமும் அடைபட்ட குழாய், வண்டியின் ஷாக் அப்சார்பர் ஆகியவை வெடிக்கும்.

15. வீடு கட்டி மிஞ்சிய முறுக்குக் கம்பி கொக்கிக்கும் முளைக்கும் ஏற்றது. வாய் தீட்டும் கருவிக்கு ஆகாது. அதில் கரிமம் குறைவு, எண்ணெயில் தோய்த்தாலும் கெட்டிப்படாது. கத்தி, கொடுவாள், களைக்கொட்டு ஆகியவற்றுக்கு லாரிப் பட்டை (ஸ்பிரிங் பட்டை) வாங்குங்கள். விரிசல் விட்ட பட்டை உள்ளே மேலும் பிளந்திருக்கலாம், தள்ளிவிடுங்கள்.

16. எந்த இரும்பு என்று தெரியாவிட்டால் ஒரு சிறு துண்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். ஆறியதும் அரத்தால் தேயுங்கள். அரம் பிடித்தால் மெல்லிரும்பு. கண்ணாடியில் போவதுபோல் வழுக்கினால் எஃகு. அரைமணி நேரச் சோதனை ஒரு நாள் வேலையைக் காப்பாற்றும்.

காய்ச்சி அடித்தல்

17. நிறத்தைப் படியுங்கள். மங்கிய சிவப்பு ஏறக்குறைய 650 டிகிரி. அந்த நிலைக்குக் கீழே இறங்கினால் சுத்தியலை நிறுத்துங்கள், எஃகு பிளக்கும். ஆரஞ்சு 950-ஐ ஒட்டியது, வளைக்கலாம். மஞ்சள் 1100-ஐ ஒட்டியது, தட்டி நீட்ட ஏற்றது. வெளுத்துப் பூத்திரி போலப் பொறி கிளம்பினால் இரும்பு எரிகிறது. அந்த நுனியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

18. உலை மூட்டும் முன்பே களிமண் உருட்டி அதே கொக்கியைச் செய்து பாருங்கள். அடித்தால் நீளும் விதமும் அகலும் விதமும் பழுத்த இரும்புக்கும் களிமண்ணுக்கும் ஒன்றுதான். எந்த அடி முதலில், எது பிறகு என்று தீர்மானித்து, வேண்டிய நீளத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துவிடுங்கள். யோசனை எல்லாம் உலைக்கு வெளியே முடிந்தால் பாதிக் கரி மிச்சம்.

19. எட்டு எம்.எம். கம்பியில் கொக்கி: முதல் சூட்டில் நுனியை இரண்டு விரல் நீளத்துக்குக் கூராக்கி, முறுக்கு வரிகளைத் தட்டி மட்டமாக்குங்கள். இரண்டாம் சூட்டில் நுனியைச் சிறிதாகச் சுருட்டி, அதே சூட்டில் பட்டடை விளிம்பில் வைத்து வளையுங்கள். மூன்றாவதில் அளந்து வெட்டுங்கள். பிறகு வளைந்த பக்கத்தைத் தண்ணீரில் ஆற்றிக் குறடால் பிடித்து மறுமுனையை வளைக்கலாம். விளக்கு, பை, தூக்கு மாட்ட இது உதவும். ஜக்கார்டு பெட்டி போன்ற பெரும்பாரத்தை வீட்டுக் கொக்கியில் தொங்கவிடாதீர்கள்.

20. தறிப்பக்கம் போகும் எந்த இரும்பையும் அரத்தால் ராவி, எமரித் தாளால் நயப்படுத்துங்கள். கழிவுப் பட்டிழையை அதன்மேல் எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். பாவுக்கு அருகில் எண்ணெய் பூசிய இரும்பு ஆகாது, துருவும் ஆகாது. தேன்மெழுகு தேய்த்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள்.

துவைச்சல்

21. லாரிப் பட்டையில் செய்த கருவிக்கு எண்ணெய்த் துவைச்சல் கொடுங்கள், அதாவது காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்துங்கள். தண்ணீரில் விரிசல் விடும். பழைய மல்லாட்டை எண்ணெயே போதும். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் கருவி முழுகும் அளவுக்கு ஊற்றி, காய்ச்சிய கம்பியைத் தோய்த்து எண்ணெயை இளஞ்சூடாக்குங்கள். கருவியைக் காய்ச்சும்போது காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. அதற்குமேல் ஒரு சாயல் ஏறியதும் நேர்க்குத்தாக எண்ணெயில் இறக்குங்கள். தீப்பற்றினால் மூடியைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

22. துவைச்சல் ஆன எஃகு கண்ணாடி மாதிரி உடையும். அதை இளக்க வேண்டும். செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழுத்த கம்பியை முதுகுப்பக்கம் வைத்துச் சூடேற்றுங்கள். நிறம் முதுகிலிருந்து வாய்க்கு ஓடிவரும். கத்திக்கு வைக்கோல் மஞ்சள் பழுப்பாகும்போது, கொடுவாளுக்கும் உளிக்கும் ஊதாவில், களைக்கொட்டுக்கு நீலத்தில் தண்ணீரில் தோய்த்து நிறுத்துங்கள். மஞ்சள் 230 டிகிரியை ஒட்டியது, நீலம் 300-ஐ ஒட்டியது. இந்த இடைவெளியில்தான் கருவியின் ஆயுள் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

கையும் உடம்பும்

23. பருத்தி உடை, மூடிய செருப்பு, கண்ணாடி கட்டாயம். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும். சிவப்பு மறைந்த கருப்பு இரும்பும் 400 டிகிரியில் இருக்கலாம், வீட்டில் வேலை செய்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் அதில்தான். தரையில் கிடப்பதைத் தொடும் முன் புறங்கையை அருகே காட்டிப் பாருங்கள். ஆறும் இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

24. சுட்டுக்கொண்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்கும் முன் கழற்றுங்கள். பேனா மை, டூத்பேஸ்ட், இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். முகம், மூட்டு, உள்ளங்கையில் பட்டாலோ தோல் வெளுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

25. உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ ஒரு கொல்லர் இன்னும் உலை மூட்டினால், மண்வெட்டிக்கு இலை ஒட்டுவது, கடப்பாரைக்கு முனை வைப்பது போன்ற வேலைகளை அவரிடமே கொடுங்கள். பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்து, உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். எந்த நிறத்தில் இரும்பை எடுக்கிறார், எத்தனை அடியில் மறுபடி உலைக்குள் வைக்கிறார், எப்போது ஊதலை நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். வீட்டு உலையில் கரியை மிச்சப்படுத்த அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அவருடைய பட்டறை நடக்கவும் உங்கள் வேலை உதவும்.