பழசா? பழுதா? – விளையாட்டுக் கொன்சோல்களின் தலைமுறைக் கணக்கு

கட்டாரிலிருந்து மாமா கொண்டு வந்து தந்த பிளேஸ்டேசன் 5 எங்கள் வீட்டில் இருக்கிறது. கடந்த தவணை விடுமுறையில் தம்பி வாப்பாவிடம் போய், "இது பழசாப் போச்சு வாப்பா, இப்ப புரோ வந்திருக்கு" என்றான். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாப்பா கேட்டார்: "பழசாப் போச்சா, பழுதாப் போச்சா?" தம்பியிடம் பதில் இல்லை. என்னிடமும் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடி அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கொன்சோல் என்பது விளையாட்டுக்கென்றே தயாரிக்கப்பட்டு, தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் ஒரு கணினி. மேசைக் கணினியைப் போல் அதன் பாகங்களை நாம் நினைத்தபடி மாற்ற முடியாது. ஆகவே நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை முற்றிலும் புதிய ஒன்றை வெளியிடுகின்றன. இதையே 'தலைமுறை' என்கின்றனர். சோனியின் முதல் பிளேஸ்டேசன் 1994 இல் யப்பானில் வெளிவந்தது. அடுத்தவை 2000, 2006, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் வந்தன. ஆறேழு ஆண்டுகளுக்கு ஒரு தலைமுறை என்பது இக்கணக்கு.

இதற்குள் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருக்கிறது. இன்று வாங்கும் கருவிக்குப் பல ஆண்டுகள் புதிய விளையாட்டுகள் வரும். உடனே வாங்க வசதியில்லாதவர் பொறுத்திருந்தால் விலையும் குறையும். 2000 இல் அமெரிக்காவில் 299 டொலருக்கு விற்ற பிளேஸ்டேசன் 2, 2009 இல் 99 டொலருக்கு வந்தது.

இந்த உடன்பாட்டை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு சேகா நிறுவனம் ஓர் உதாரணம். தனது மெகா டிரைவ் கொன்சோலின் மேல் பொருத்தும் '32எக்ஸ்' என்ற மேம்பாட்டுக் கருவியை அது 1994 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. அதே மாதம் யப்பானில் அடுத்த தலைமுறையான சாட்டர்ன் வெளிவந்தது. 32எக்ஸின் விளையாட்டுகள் சாட்டர்னில் இயங்கவில்லை. அதற்கென வந்த விளையாட்டுகளோ ஏறக்குறைய நாற்பது மட்டுமே. நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். பின்னர் வேறு பல காரணங்களும் சேர, 2001 இல் சேகா கொன்சோல் தயாரிப்பையே கைவிட்டது.

பல ஆண்டுகளின் பின் இடைக்கால மேம்பாடு மீண்டும் வந்தது. இம்முறை காரணம் தொலைக்காட்சி. முழு எச்.டி. திரையில் சுமார் 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் அதைப் போல் நான்கு மடங்கு, சுமார் 83 இலட்சம். அத்தனை புள்ளிகளையும் வரைய 2013 இன் கருவிகளுக்கு வலுப் போதவில்லை. எனவே சோனி 2016 இல் பிளேஸ்டேசன் 4 புரோவையும், மைக்ரோசொப்ட் 2017 இல் எக்ஸ்பொக்ஸ் வன் எக்ஸையும் வெளியிட்டன. ஆனால் இரு நிறுவனங்களும் சேகாவின் தவறைச் செய்யவில்லை. புதியதில் ஓடும் விளையாட்டு பழையதிலும் ஓட வேண்டும் என்று விதித்தன. பெரும்பாலும் படத்தின் தெளிவே வேறுபட்டது. புரோவின் விலையும், 2013 இல் பிளேஸ்டேசன் 4 வந்தபோது இருந்த அதே 399 டொலர்தான்.

2024 நவம்பரில் பிளேஸ்டேசன் 5 புரோ வந்தது. படங்களை வரையும் வேகம் சுமார் 45 சதவீதம் அதிகம் என்கிறது சோனி. வெளிவந்தபோது விலை 700 டொலர். இறுவட்டு போடும் பகுதி அதில் இல்லை. வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும். சாதாரண பிளேஸ்டேசன் 5 இன் விலையும் குறையவில்லை. 2020 இல் 500 டொலராக இருந்தது, 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் 550 ஆக உயர்ந்தது. முன்பு சிப்புகள் சிறிதாகச் சிறிதாக உற்பத்திச் செலவும் குறைந்தது. இன்று அப்படிக் குறைவதில்லை.

என் கவலை இங்கேதான் இருக்கிறது. புதியது வருவதால் பழையதை வைத்திருப்பவருக்கு நட்டமில்லை. விளையாட்டுகள் இரண்டிலும் ஓடுகின்றன. ஆனால் பொறுத்திருந்து குறைந்த விலைக்கு வாங்குவதும், இறுவட்டை நண்பரிடம் இரவல் வாங்கி விளையாடுவதும்தான் வசதி குறைந்த பிள்ளைகளுக்கு இருந்த வழிகள். அவ்விரண்டும் மெல்ல மெல்ல அடைபடுகின்றன.

இனித் தலைமுறைகளே இருக்காதா? இருக்கும் என்றே நினைக்கிறேன். நிண்டெண்டோ 2025 ஜூனில் சுவிட்ச் 2 ஐ வெளியிட்டது. ஆயினும் அதில் முந்திய சுவிட்சின் பெரும்பாலான விளையாட்டுகளும் ஓடுகின்றன. தலைமுறைகளுக்கு இடையே முன்பு மதில் இருந்தது. இன்று படிக்கட்டு இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஏறியே ஆக வேண்டும் என்று யாரும் எம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கம் எம்முடையது. புதியதை வாங்க முன், கையிலிருப்பதில் ஓடாத எந்த விளையாட்டு புதியதில் ஓடுகிறது என்று பிள்ளைகளிடம் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம்.

தம்பியிடம் நானும் அதையே கேட்டேன். ஒரு பட்டியல் எழுதித் தருவதாகச் சொல்லிப் போனான். விடுமுறை முடிந்து பாடசாலையும் தொடங்கிவிட்டது. பட்டியல் இன்னும் வரவில்லை.