வலிக்கு முன்னால் உட்கார்

கியா பார்ம்,
கேமரன் மலை

அன்புள்ள மருமகளுக்கு,

ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தும் திங்கள் காலை உடம்பு இன்னும் மோசமாக இருந்தது, இதென்ன நியாயம் அத்தை என்று ஈப்போவிலிருந்து கேட்டு எழுதியிருந்தாய். பைப்ரோமயால்ஜியா என்ற நாள்பட்ட வலி நோய் என்று டாக்டர் பெயர் சொன்னார், மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஓய்வெடுப்பது எப்படி என்று மட்டும் உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இடுப்பு வலியோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் என்ற உரிமையில் நான் சொல்கிறேன்.

நீ இங்கே வந்திருந்த சனிக்கிழமை நம் குடும்பக் கடையில் உன்னைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறை. பிரிஞ்சாங்கிலிருந்தே கார்கள் நகராமல் நின்றன. நீ கீரை கட்டிக்கொண்டிருந்தாய். ஒரு பிடி எடுத்து, வேர்ப்பக்கத்தை மேசையில் தட்டிச் சமப்படுத்தி, ரப்பர் வளையத்தை இரண்டு சுற்று சுற்றி, ஈரத் துணிமேல் அடுக்கினாய். கை வேகம் குறையவே இல்லை. கால்தான் நிலைகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் இடது காலில், கொஞ்ச நேரம் வலது காலில், பிறகு மேசை விளிம்பில் இடுப்பை முட்டுக் கொடுத்து நின்றாய். உட்காரச் சொன்னேன். "இந்தக் கூடை முடியட்டும் அத்தை" என்றாய். அது முடிந்ததும் சர்க்கரைவள்ளி, அப்புறம் சோளம். சாயங்காலம் தராசைத் தூக்கி உள்ளே வைக்க உன்னால் முடியவில்லை.

வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் உட்காருவேன் என்றால், எப்போது உட்காரலாம் என்று முடிவு செய்கிற மண்டோர் வேலையை வலியிடம் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அது நல்ல மண்டோர் இல்லை. ஒரு நாள் விட்டுப் பிடிக்கும், மறு நாள் சாய்த்துவிடும். நல்ல நாளில் இரண்டு நாள் வேலையைச் செய்து, அதற்காக இரண்டு நாள் படுத்து, எழுந்ததும் விட்டதைப் பிடிக்க மறுபடி ஓடுவது. இப்படியே போனால் வருடக் கடைசியில் நீ செய்யக்கூடிய வேலை முன்பைவிடக் குறைந்திருக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இதைக் கவனித்து 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாள்பட்ட வலி உள்ளவர் ஓய்வை வலியைப் பார்த்து எடுக்காமல் கடிகாரத்தைப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. நான் உனக்குச் சொல்ல வந்ததும் அதுதான்.

செய்யும் முறை சுலபம், மனதைப் பழக்குவதுதான் கடினம். ஒரு நல்ல நாளிலும் ஒரு மோசமான நாளிலும், நின்று வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து வலி ஏறுகிற வரைக்கும் எத்தனை நிமிடம் என்று பார். ஒன்றில் 25, இன்னொன்றில் 15 என்று வைத்துக்கொள். சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 16. அந்த 16 நிமிடம்தான் உன் அளவு. கைப்பேசியில் மணி வை. மணி அடித்ததும் கூடையில் நாலே கட்டு மிச்சமிருந்தாலும் உட்கார். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, தோளைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விடு. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கழுத்தைக் குனித்திருப்பது இதில் சேராது. உடம்பு லேசாக இருக்கிற நாளிலும் 16 நிமிடத்தைத் தாண்டாதே. அந்த நாளில் நிறுத்துவதுதான் மிகவும் கஷ்டம், பலன் தருவதும் அதுதான். சில வாரம் அளவு நிலைத்த பிறகு ஒன்றிரண்டு நிமிடமாகக் கூட்டலாம்.

நம் நாட்டிலேயே இதை முறையாகச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சிலாங்கூரில் செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் மேரி கார்டோசாவும் குழுவினரும் 'மெனாங்' என்ற இரண்டு வாரப் பயிற்சியை நடத்தினார்கள். சிட்னியைச் சேர்ந்த உளவியலாளர் மைக்கேல் நிக்கலஸ் அதில் துணை நின்றார். வேலையைப் பங்கிட்டுச் செய்வது, உடற்பயிற்சி, பயத்தைக் கையாள்வது எல்லாம் அதில் உண்டு. வந்தவர்களில் பலருக்குக் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நீடித்ததை 2012-ல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. மலாய், சீன, தமிழ் மக்கள் கலந்து வாழும் நம் ஊர் நோயாளிகளிடம் பார்த்த பலன் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

படுத்தே கிடப்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1986-ல் அமெரிக்காவில் திடீர் முதுகுவலி வந்தவர்களில் பாதிப் பேரை 2 நாளும் மீதிப் பேரை 7 நாளும் படுத்திருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை. 2 நாள் குழுவினர் வேலைக்கு மட்டும் சீக்கிரம் திரும்பினார்கள். உன் வலி வேறு வகைதான், ஆனாலும் நாள் முழுக்கப் படுக்கை உனக்கும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து கொஞ்ச தூரம் நட.

இனி நீ எழுதாமல் விட்ட விஷயம். மற்றவர்கள் நிற்கும்போது உட்கார உனக்குக் கூச்சம். சொந்தத்தில் ஒருவர் "இந்த வயசிலேயே இப்படியா" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். இந்த மலையில் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ல். அந்தக் காலத்துத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, வராத நாளுக்குக் கூலி கிடையாது. உன் பாட்டி காய்ச்சலோடும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனவர். உட்கார்ந்தால் அடுப்பு எரியாது என்பது அவர் காலத்தில் நிஜம். கொழுந்தைக் கையால் கிள்ளிய இடத்தில் கத்தரிக்கோல் வந்து, இருவர் பிடிக்கிற இயந்திரமும் வந்துவிட்ட பிறகும் அந்தப் பயம் மட்டும் நம் வீட்டை விட்டுப் போகவில்லை.

நாட்டுச் சட்டம் நம் வீட்டைவிடக் கருணையோடு இருக்கிறது, தெரியுமா? 1955-ஆம் வருட வேலைச் சட்டப்படி, நடுவே 30 நிமிடமாவது ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. நோயே இல்லாதவருக்கு எழுதிய சட்டம் இது. குடும்பக் கடையில் யாரும் இதை எடுத்துப் பார்ப்பதில்லை. நாளை நீ வேலைக்குப் போனால் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு எடுக்கக் கூச்சப்படாதே. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கே வருடத்தில் 14 நாள் சம்பளத்தோடு உண்டு.

இரவுத் தூக்கம் இன்னும் முக்கியம். 1975-ல் டொராண்டோவில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்ற மருத்துவர், நலமாக இருந்த சிலரின் ஆழ்ந்த தூக்கத்தைச் சத்தமெழுப்பிக் கலைத்துப் பார்த்தார். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் தசைவலி வந்துவிட்டது. வலி தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் வலியைக் கூட்டும். அதனால் ஞாயிறானாலும் ஒரே நேரத்தில் எழு. பகலில் கண்ணயர்ந்தால் அரை மணிக்குள், மூன்று மணிக்கு முன். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் புரளாதே. எழுந்து உட்கார்ந்து, கண் சொக்கியதும் போய்ப் படு.

தேயிலை மலையில் பிறந்தவளுக்கு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது: மத்தியானத்துக்கு மேல் தேத்தண்ணி வேண்டாம். கோப்பியும் வேண்டாம். குடித்த கஃபீனில் ஏறக்குறைய பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். இங்கே இரவில் 15 டிகிரி வரை இறங்குகிறது, தசை இறுகிவிடும். வீட்டுக்கு வரும்போது படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளி, காலுறை போட்டுக்கொள்.

இவ்வளவும் செய்தும் களைப்பு தீராவிட்டால் இரத்தத்தில் இரும்புச் சத்தைப் பார்க்கச் சொல். மூட்டு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறாய் என்று அறைத்தோழி சொன்னாலோ டாக்டரிடம் மறைக்காதே.

டிசம்பர் விடுமுறையைப் பற்றி உன் அப்பாவிடம் பேசிவிட்டேன். கீரை மேசைக்குப் பின்னால் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று போட ஒத்துக்கொண்டார். பெட்டி இறக்குவது உன் தம்பி வேலை. நீ மணி வைத்துக் கட்டு, மணி அடித்தால் நான் மேசைக்கு வந்துவிடுகிறேன். முதல் வாரம் உன் அளவு எத்தனை நிமிடம் என்று ஈப்போவிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு வா.

அன்புடன்,
அத்தை