குருவி கொண்டு வந்த சுரை விதை

லாயாங் லாயாங் சிறார்களுக்குச் சமய வகுப்பு நடத்தும்போது ஊரின் பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது என் வழக்கம். அந்த மலாய்ச் சொல்லுக்குப் பட்டம் என்றும் தகைவிலான் குருவி என்றும் பொருள். கொரியா, ஜப்பான் போன்ற வடநாடுகளில் கூடு கட்டும் இக்குருவிகள், குளிர்காலத்தில் தெற்கே பறந்து நம் நாட்டு மின்கம்பிகளில் அந்தியில் வரிசையாக வந்து அமர்கின்றன.

கொரியாவில் இக்குருவியைப் பற்றி ஒரு கதை உண்டு. பான்சோரி என்னும் இசைக்கதை மரபில் எஞ்சியுள்ள ஐந்து கதைகளுள் ஒன்று. அண்ணன் நொல்பு தகப்பன் சொத்தைத் தானே வைத்துக்கொண்டு, தம்பி ஹுங்புவைக் குடும்பத்தோடு விரட்டிவிடுகிறான். தம்பி வீட்டுக் கூரையில் குருவி கூடு கட்டுகிறது. பாம்புக்கு அஞ்சிக் கீழே விழுந்த குஞ்சின் கால் ஒடிகிறது. பிள்ளைகளுக்கே சோறில்லாத வீடு அது. ஆயினும் அவன் காலுக்குக் கட்டுப் போட்டு ஆற்றுகிறான். தெற்கே போன குருவி மறு வசந்தத்தில் ஒரு சுரை விதையோடு வருகிறது. காய்த்த காய்களை அறுத்தால் உள்ளே அரிசியும் பொன்னும்! சேதி கேட்ட அண்ணன், ஒரு குருவியைப் பிடித்துக் காலைத் தானே ஒடித்துத் தானே கட்டும் போட்டான். அவனுக்கும் விதை வந்தது. அவன் வீட்டுச் சுரைக்காயிலிருந்து வெளிவந்தவர்களோ பூதங்களும், கடனை வசூலிக்க வந்தவர்களும். கடைசியில் தம்பிதான் அவனுக்கு இடம் கொடுத்தான்.

"ஐயா, அண்ணனும் மருந்து போட்டானே, அதுவும் தருமம்தானே?" என்றான் ஒரு சிறுவன். வெளிச்சமே மறையும் அளவுக்குக் குழல் விளக்கில் 'உபயம்' என்று பெயர் எழுதுகிறவர்கள் நாம். எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. "மருந்து போடுவதற்காகவே அவன் புண்ணை உண்டாக்கினான், பார்த்தாயா?" என்றேன்.

"நிஜத்தில் இப்படி நடக்குமா, ஐயா?" என்றாள் ஒரு சிறுமி. எங்கள் மாவட்டமான குளுவாங்கையே எடுத்துச் சொன்னேன். கெலுவாங் என்னும் பெரிய பழந்தின்னி வௌவாலால் வந்த பெயர் அது. வேட்டையாடி வேட்டையாடி இன்று அவை மிக அருகிவிட்டன. டுரியான் பூ மாலையில் விரிவது. இரவில் தேனுண்ண வரும் வௌவால்களே பெரும்பாலும் அதற்கு மகரந்தம் சேர்க்கின்றன. பழந்தின்னி பூவை அழித்துவிடும் என்று பழித்தவர்கள் உண்டு. ஆனால் தியோமான் தீவில், அதே இனத்தின் வேறொரு வகை பூவைக் கெடுக்காமல் மகரந்தம் சேர்ப்பதைக் கேமரா வைத்துப் பதிவு செய்தார்கள். அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. வௌவால் போனால் காயும் குறையும் என்றேன்.

அவள் விடவில்லை. "சுட்டவர் வேறு ஊர்க்காரராக இருந்தால்? மரம் வைத்தவருக்குத்தானே நட்டம், ஐயா?"

பதிலை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.