உதிரும் கொம்பும் உதிராக் கொம்பும்

மாணவர்களே, சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவி ஒருத்தி 'ஆப்பிரிக்கப் புல்வெளி' என்னும் தலைப்பில் ஓர் ஓவியம் வரைந்து கட்டுரையுடன் இணைத்திருந்தாள். சிங்கம், வரிக்குதிரை, அவற்றுக்கு அப்பால் மரக்கிளை போலக் கிளைத்த கொம்புகளோடு ஒரு மான். ஓவியம் அழகாக இருந்தது. முழு மதிப்பெண் வழங்கினேன். மறுநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்த மான் அங்கே இருக்காதே" என்றான். ஏன் என்று கேட்டதற்கு அவனுக்கும் விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தமிழாசிரியனாகிய நான் விலங்கியல் நூல்களைத் தேடத் தொடங்கியது அன்றுதான்.

முதலில் நம்மூரிலிருந்தே தொடங்குவோம். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் கனுமப் பண்டிகையன்று மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புகளுக்கு வண்ணம் பூசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையில் நடைபெறும் பசுவுல பண்டிகைக்குச் சென்றோரும் உங்களுள் இருக்கலாம். சென்ற ஆண்டு வண்ணம் பூசிய அதே கொம்புக்குத்தான் இவ்வாண்டும் பூசுகிறோம். மாட்டின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைப்பதில்லை. உள்ளே எலும்பு, அதன்மேல் உறைபோல, நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே ஆன கடினமான கூடு. விலங்கு வாழுங்காலமெல்லாம் அது அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். எலும்பை நீக்கினால் கூடு உள்ளீடற்றுக் குழல்போல் நிற்கும். முற்காலத்தில் எருமைக் கொம்பை ஊதுகருவியாக்க முடிந்தது அதனால்தான். இன்று உலோகத்தால் செய்யப்படும் இசைக்கருவிக்கும் கொம்பு என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மான்கொம்பை எவராலும் ஊத இயலாது. அது முழுவதும் கெட்டி எலும்பு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து செல்வோர் வழியிலுள்ள மான் பூங்காவில் புள்ளிமான்களைக் கண்டிருப்பர். அவற்றுள் ஆண்மானின் கொம்பைக் கூர்ந்து நோக்குங்கள். சிலவற்றின் கொம்பு மயிர் செறிந்த மெல்லிய தோலால் போர்த்தப்பட்டிருக்கும். அத்தோலினுள் ஓடும் குருதியே வளரும் எலும்புக்கு உணவளிக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் தோல் காய்ந்து உரிய, மான் அதை மரங்களில் உரசித் தேய்த்துவிடும். இணைசேரும் பருவம் கழிந்த பின்னர்க் கொம்பு அடியோடு உதிரும், மீண்டும் முளைக்கும். சில திங்களுக்குள் இவ்வளவு எலும்பை உருவாக்குவது எளிய செயலன்று. உண்ணும் இலையிலுள்ள சுண்ணாம்புச்சத்துப் போதாமற் போகும்போது மான் தன் விலா எலும்பிலிருந்தே கடன் வாங்கிக் கொம்பை வளர்க்கிறது! உதிர்ந்த கொம்பும் வீணாவதில்லை. முள்ளம்பன்றி முதலியன அதைக் கொறித்துச் சத்தைப் பெறுகின்றன. காட்டில் கிடந்ததுதானே என்று நாம் எடுத்து வந்து வீட்டுச் சுவரில் மாட்டினால், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமாகும்.

இவ்விரண்டையும் தமிழில் கொம்பு என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். இதனால் தமிழர் வேறுபாட்டை அறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். குறுந்தொகையில் கவைபட்ட தலையுடைய கலைமானையும், அகநானூற்றில் முறுக்குண்ட கொம்புடைய இரலையையும் காணலாம். கவைத்தது உதிரும், முறுகியது உதிராது. பெயர் ஒன்றாயினும் அடைமொழி வேறு. நாம்தான் பிற்காலத்தில் யாவற்றையும் மான் என்ற ஒரு பட்டியில் அடைத்துவிட்டோம். 'நாற்கொம்பு மான்' என நாம் வழங்கும் விலங்கு சேஷாசலக் காடுகளில் வாழ்கிறது. அதன் ஆணுக்கு நான்கு சிறு கொம்புகள், அவை உதிர்வதில்லை. உறவு முறையில் அது மாட்டுக்கும் ஆட்டுக்கும் நெருங்கியது, மானுக்கு அன்று. தெலுங்கர் அதனைக் 'கொண்ட கொர்ரெ', அதாவது மலையாடு என்பர். இவ்விடத்தில் தெலுங்குப் பெயரே பொருத்தமானது என்பதைத் தமிழாசிரியனாகிய நானே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆந்திர மாநில விலங்காகிய கிருஷ்ண ஜிங்கா, நம் வெளிமான், அதுவும் இவ்வினத்தைச் சார்ந்த இரலையே.

இனி, மாணவனின் வினாவுக்கு வருவோம். சகாராப் பாலைநிலத்துக்குத் தெற்கே ஏறத்தாழ எழுபது வகை இரலைகள் உள்ளன. இம்பாலா, குடு, வில்டெபீஸ்ட் என அவற்றின் கொம்புகள்தாம் எத்தனை வடிவம்! ஆயினும் அங்கே இயற்கையாக வாழும் மான் ஒன்றுகூட இல்லை. அந்நிலம் மானுக்கு ஒவ்வாதது என்று கருதலாமா? கருத இயலாது. ஐரோப்பியர் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஃபாலோ மான்கள் அங்கே நன்கு பெருகின. ஆகவே தடை நிலத்தில் இல்லை, வழியில் இருந்தது.

மானினம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசிய, ஐரோப்பிய நிலப்பரப்பில் தோன்றியது. ஆசியாவையும் வட அமெரிக்காவையும் அந்நாளில் இணைத்திருந்த நிலப்பகுதி வழியே வட அமெரிக்கா சென்றது. பனாமா நிலப்பாலம் உருவானபின் தென்னமெரிக்காவையும் அடைந்தது. ஆப்பிரிக்கப் பக்கம் மட்டும் காலந்தோறும் விரிந்தும் சுருங்கியும் வந்த சகாரா குறுக்கே கிடந்தது. தழையும் நிழலும் தேடும் விலங்குக்கு அது கடத்தற்கரியது. வடகரையிலேயே நின்றுவிட்ட பார்பரி மான் இன்றும் துனீசியா, அல்ஜீரியா நாடுகளின் காடுகளில் வாழ்கிறது. உதிராக் கொம்புடைய இனமோ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து, புல்வெளி, புதர்க்காடு, சதுப்புநிலம் என எல்லா இடங்களையும் தனதாக்கிக்கொண்டது. பிந்தி வருவோர்க்கு அங்கே இடம் எளிதில் கிடைத்திராது என்றும் அறிஞர் கருதுவர்.

இந்தியாவுக்கு இத்தகைய தடை இல்லை. இரு இனங்களும் நிலவழியே வந்து சேர்ந்தன. எனவேதான் பழந்தமிழகத்தின் வட எல்லையாகிய வேங்கட மலைக்காட்டில் புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்க்க, அதே காட்டில் நாற்கொம்பு விலங்கு தன் கொம்பை உதிர்க்காமல் திரிகிறது. ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் தன் காட்டில் காணவியலாத இக்காட்சி நம் பள்ளியிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவில் இருக்கிறது.

மாணவியின் மதிப்பெண்ணை நான் குறைக்கவில்லை. அவளே மானை அழித்து, முறுகிய கொம்புடைய குடு ஒன்றை வரைந்து தந்தாள்.

சொற்பொருள்: கவை – பிளவுபட்ட கிளை, கலை – ஆண்மான், கடத்தற்கரியது – கடப்பதற்கு அரியது, திங்கள் – மாதம்.

பயிற்சி

1. மாட்டுக்கொம்பை ஊத முடியும். மான்கொம்பை ஊத முடியாது. காரணம் எழுதுக.

2. ஆப்பிரிக்கா மானுக்கு ஒவ்வாத நிலம் அன்று என்பதைப் பாடம் எச்சான்றால் நிறுவுகிறது?

3. பிரித்து எழுதுக: நிலப்பாலம், உள்ளீடற்று, எலும்பிலிருந்தே.

4. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, உங்கள் ஊர் விலங்கு ஒன்றின் தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் எழுதி, அவ்விலங்கின் இயல்புக்கு எப்பெயர் பொருந்துகிறது என ஐந்து தொடர்களில் விளக்குக.