துவையல் தவசும் கடற்கரை நினைவும்



கன்னியாகுமரியை அடுத்த கடற்கரையில் இருப்பது முட்டப்பதி. பஞ்சபதிகளில் ஒன்று. பங்குனி மாதம் சாமிதோப்புத் தலைமைப்பதியிலிருந்து அன்புக்கொடி மக்கள் ஊர்வலமாக அங்கே வந்து தீர்த்தமாடுவது வழக்கம். வருகிறவர்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் இளையவர்கள் "பங்குனித் தீர்த்தம்" என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள், அய்யா கடலுக்குள் சென்று நாராயணரிடம் விஞ்சை பெற்ற இடம் என்று சொல்வார்கள். முதல் விஞ்சை திருச்செந்தூர்க் கடலில். அடுத்த இரண்டு விஞ்சையும் இந்த முட்டப்பதிக் கடலில். இரண்டு பதிலும் சரியே.

ஆனால் அந்த மணலில் இன்னொரு நினைவும் கிடக்கிறது. அதைப் பற்றிப் பேச்சு குறைவு. அங்கே எழுநூறு குடும்பங்கள் கூடி வாழ்ந்தன. துவையல் தவசு என்று அகிலத்திரட்டு சொல்லும் அந்த வாழ்வுதான் இந்தப் பாடத்தின் பொருள்.

நடந்த வரிசையை முதலில் சொல்லிவிடலாம். கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833 மார்ச் மாதம், அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டார்கள். பின்பு சாமிதோப்பில் தவம். அதன் பிறகு திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் காலத்தில் கைது, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறை. 1014 மாசி 19-இல் விடுதலை. சிறையிலிருந்து வந்த பிறகுதான் துவையல் தவசு. முதலில் வாகைப்பதியில் நடந்தது, பின்பு முட்டப்பதியில். இரண்டும் கடலோரம். நாள் ஒன்றுக்கு மூன்று முறை நீராட வேண்டும், உடுதுணி துவைக்க வேண்டும். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்த சோறு ஒருவேளை மட்டும். அய்யா விதித்த முறை இவ்வளவுதான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. கடற்கரையில் ஒரு வாரம் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் கடினம் தெரியும். கடல்நீரில் துவைத்த துணி வெயிலில் காய்ந்தாலும் உப்பு போகாது. விறைத்து நிற்கும். பொழுது சாய்ந்து ஈரக்காற்று அடித்ததும் மறுபடி நனைந்த மாதிரி ஆகிவிடும். அதை உடுத்தி நடந்தால் தொடையும் அக்குளும் உரசிப் புண்ணாகும். அந்தத் துணியையே அடுத்த வேளையும் துவைக்க வேண்டும். நிழல் கிடையாது, மணல் சுடும். வயிற்றில் ஒருவேளைச் சோறு.

தாங்கலில் வார்ப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சிப் பழகியவர்கள் இதை இன்னொரு கணக்காகவும் பார்க்கலாம். எழுநூறு குடும்பம் என்றால், குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் 3,500 பேர். அரிசியும் பயறும் சேர்ந்து ஒரு கிலோ எட்டுப் பேருக்கு வரும் என்று போட்டால், ஒருவேளைக்கே 400 கிலோவுக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தனி உலை வைத்திருந்தாலும் ஒரே உலையில் வடித்திருந்தாலும் தேவை இதேதான். இதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், விறகு வேண்டும், பயறு கழுவ ஆள் வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் நோயாளிக்குப் பக்கத்தில் உட்காரவும் ஆள் வேண்டும். ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்து செய்யும் தவம் போன்றதல்ல இது. பக்கத்துக் குடும்பம் கை கொடுக்காவிட்டால் மூன்றாம் நாளே கலைந்துவிடக் கூடிய தவம். அய்யா தேர்ந்தெடுத்தது அப்படிப்பட்ட தவத்தை. இதைக் கவனிக்காமல் "சுத்தமாக இருக்கக் கற்றுக்கொடுத்தார்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது போதாது.

சுத்தம் என்ற சொல்லையும் அந்தக் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று திருவிதாங்கூரில் பனையேறும் மக்கள் தலைவரி கொடுத்தார்கள். ஏறும் ஏணிக்கும் காலில் போடும் தளைக்கும்கூட வரி கொடுத்தார்கள். கூலியில்லாத ஊழிய வேலைக்குக் கூப்பிட்ட நேரம் போக வேண்டும். பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மேல்சாதியார் முன்னால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளவு வேறு. அந்த மக்களைத் "தீட்டு" என்று சொன்னது ஊர். தீட்டு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த மக்களே தங்களை அப்படி நினைக்கும் நிலை வந்துவிட்டது. அதுதான் பெரிய நோய்.

அப்படிப்பட்டவர்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்குப் போய், யாரும் ஏவாமல், தங்கள் துணியைத் தாங்களே மூன்று வேளை துவைத்து, ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உண்டார்கள். துணியோடு சேர்த்து எது துவைக்கப்பட்டது என்பது இதிலிருந்து விளங்கும். தோள்சீலை உரிமைக்கான அரசாணை திருவிதாங்கூரில் 1859-இல்தான் வந்தது. அய்யா வைகுண்டம் சென்றது 1851. அரசு ஒத்துக்கொள்வதற்கு முன்பே அந்த மக்கள் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் படிப்பில் ஒரு பெரிய பங்கு கடல் மணலில் நடந்தது.

தவசு முடிந்து போனவர்கள் எதைக் கொண்டுபோனார்கள்? அங்கே கட்டடம் எழுப்பவில்லை, கல்வெட்டு வைக்கவில்லை. வைத்திருந்தாலும் கடலோரத்தில் எத்தனை நாள் நின்றிருக்கும்? அவர்கள் கொண்டுபோனது பழக்கம். விடியுமுன் நீராடிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பது, துவைத்த துணியோடு தாங்கலுக்கு வருவது, தலைப்பாகை கட்டிப் பணிவிடைக்கு நிற்பது, யார் எவர் என்று கேட்காமல் பந்தியில் இருப்பது. சாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் பதமிட்டுவிட்டு ஈரத்துணியோடு பதிக்குள் போகும்போது இன்றும் உடம்பு அந்தப் பாடத்தைத்தான் படிக்கிறது. வாயால் சொல்லாவிட்டாலும் படிக்கிறது.

ஏட்டின் கதையும் இதே மாதிரிதான். அரிகோபாலன் சீஷர் அகிலத்திரட்டு அம்மானையை எழுதியது 1841-இல். அது அச்சில் ஏறியது 1939-இல். இடையில் 98 ஆண்டுகள். அத்தனை காலமும் ஓலையில் படியெடுத்தும், கூடியிருந்து வாசித்தும், வாசிக்கக் கேட்டும்தான் அது நின்றது. எழுத்துத் தெரியாத பாட்டிகள் வாசிப்பவர் ஒரு சொல்லை விட்டால் திருத்துவார்கள். திருஏடு வாசிப்பு 17 நாளும் வந்து உட்கார்ந்ததால் வந்த அறிவு அது. பதினைந்தாம் நாள் திருக்கல்யாண வாசிப்புக்கு மட்டும் வந்துபோகிறவர்களுக்கு அது வாய்க்காது. (இப்போது பல ஊர்களில் அந்த ஒரு நாள் பந்தல் கொள்ளாத கூட்டம். மறுநாள் பாய் காலியாகக் கிடக்கிறது.)

இதே கடற்கரையில் வேறு நினைவுகளும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறியபோது குமரி மாவட்டக் கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களில் உயிர்ச்சேதம் அதிகம். மேல மணக்குடியையும் கீழ மணக்குடியையும் இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் அந்த ஊர் மக்கள் வேலையை விட்டுவிட்டு, குழந்தை குட்டியோடு கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். வேற்று வழிபாட்டு மக்கள்தாம். ஆனால் அவர்களிடம் பார்த்துக் கற்க வேண்டியது உண்டு. 2004-இல் பிறந்திராத பிள்ளை கையிலும் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை வெறுமனே நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

தாங்கல்களில் இன்று பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கிறது? கடலோர ஊர்களிலும் அவற்றை ஒட்டிய பனைவிளை ஊர்களிலும் பல வீட்டு ஆண்கள் வளைகுடாவிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். திருநாளுக்குப் பணம் அனுப்புகிறார்கள். குறைவில்லாமல் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தில் ஒலிபெருக்கி வருகிறது, வண்ண விளக்கு வருகிறது, சமையலுக்கு ஆள் வருகிறது, சாப்பாடு பொட்டலமாகவும் வருகிறது. முன்பு முதல்நாள் இரவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பயறு புடைப்பார்கள். ஆண்கள் தேங்காய் துருவுவார்கள். சிறுவர்கள் பனையோலைப் பட்டை பிடித்து அடுக்குவார்கள். அந்த வட்டத்தில்தான் பேச்சு நடக்கும். யார் வீட்டில் நோய், யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் தகையவில்லை, எந்த இரண்டு வீடு பேசாமல் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும், அங்கேயே தீரவும் செய்யும். பொட்டலம் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுகிறவருக்குச் சோறு கிடைத்துவிடுகிறது. அந்தப் பேச்சு கிடைப்பதில்லை. தர்மம் நடந்தது என்று கணக்கில் எழுதலாம். ஆனால் துவையல் பந்தி நினைக்கப்பட்டது என்று எழுத முடியாது.

பணம் அனுப்புகிறவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. பிழைப்பு அப்படி. ஊரில் இருப்பவர்கள், வந்த பணத்தை எதற்குக் கொடுக்கிறோம், எந்த வேலையைக் கையில் வைத்துக்கொள்கிறோம் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். விளக்குக்கும் பந்தலுக்கும் கூலி கொடுக்கலாம். பயறு கழுவுவதையும் கஞ்சி கிண்டுவதையும் பரிமாறுவதையும் எச்சில் எடுப்பதையும் கூலிக்கு விடக் கூடாது. முதியவர்கள் இருக்கும்போதே இதை மீட்க வேண்டும். பயறு எந்தப் பக்குவத்தில் வேகும்போது அரிசி போட வேண்டும், அடிப்பிடிக்காமல் எப்படிக் கிண்ட வேண்டும் என்பது எழுதி வைத்துப் படிக்கிற சங்கதி அல்ல. பக்கத்தில் நின்று புகை குடித்தால்தான் வரும்.

வரும் பங்குனிக்கு ஒவ்வொரு தாங்கலும் இப்படிச் செய்து பார்க்கலாம். முட்டப்பதிக்குப் புறப்படும் முன்நாள் மாலை பிள்ளைகளைக் கூட்டி, துவையல் தவசின் பகுதியை அகிலத்திரட்டிலிருந்து ஒருவர் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் பயறு புடைத்துக்கொண்டே கேட்கலாம். தீர்த்தமாடியதும் ஒவ்வொருவரும், படித்த பிள்ளைகள் உட்பட, தங்கள் துணியைத் தாங்களே ஒருமுறை கடலில் அலசிப் பிழிய வேண்டும். அம்மாமார் கையில் கொடுத்துவிட்டு ஓடக் கூடாது. பழைய துணியைக் கரையில் விட்டுவிட்டு வருவதும் கூடாது. அலையில் புரண்டு அது மீனவர் வலையில் போய்ச் சிக்குகிறது. மதியம் பச்சரிசியும் சிறுபயறும் ஒன்றாய் வெந்த சோறு, அன்று அதுவே போதும், பாயசம் வேண்டாம். பட்டை பிடிக்க ஓலை முதல்நாளே வெட்டிவைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் மடிக்கும்போது கீறிவிடும்.