இருளில் இருந்து ஒளிக்கு

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம். படம் எடுத்த மறுகணமே அதைப் பார்த்து மகிழ்கிறோம். ஆனால் நம் பாட்டிமாரின் திருமணமும் முதல் நற்கருணையும் பிலிம் சுருளில் பதிவானவை. சுவரில் மாட்டிய படத்தைக் கரையான் அரித்தாலும், பெட்டியில் நெகடிவ் இருந்தால் அந்த முகத்தை மீட்கலாம். ஆயினும் காலந்தாழ்த்தலாகாது. அசிட்டேட் பிலிம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, வினிகர் நெடி வீசிச் சுருங்கும். வண்ணப் பிலிமின் சாயங்களும் மங்கிவிடும்.

நெகடிவ் என்பது யாது? பிலிமின்மேல் வெள்ளி உப்புகள் கலந்த ஜெலட்டின் பூச்சு உண்டு. கழுவும்போது, ஒளி பட்ட இடம் கறுக்கும். படாத இடம் தெளிவாக நிற்கும். ஆகவே வெண்சேலை கறுப்பாகவும் கருங்கூந்தல் வெளிறியும் தோன்றுகின்றன. நம் உதகமண்டலத்தில் 1960 இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனமும் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தது.

தேவையான பொருள்கள்: செருப்புப் பெட்டி, வெள்ளை எல்.இ.டி. விளக்கு, பால்நிற அக்ரிலிக் தகடு, கறுப்பு அட்டை, கேமரா அல்லது கைப்பேசி.

செய்முறை: பெட்டிக்குள் விளக்கை வைத்து, மேலே தகட்டைப் பொருத்த வேண்டும். குண்டு பல்பு கூடாது. அதன் சூட்டில் பிலிம் வளைந்துவிடும். 35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 36 × 24 மி.மீ. அந்த அளவில் கறுப்பு அட்டையில் சாளரம் வெட்டி, தகட்டுக்கு ஓர் அங்குலம் மேலே நிறுத்த வேண்டும். தகட்டோடு ஒட்டி வைத்தால் அதிலுள்ள தூசியும் படத்தில் தெரியும். பிலிமின் ஓரங்களை மட்டும் பிடித்து, தூசியை ஊதுகுமிழால் நீக்கி, சாளரத்தில் வைத்து, அறையை இருட்டாக்கி, நேர்மேலிருந்து அசையாமல் படம் எடுக்க வேண்டும்.

கணினி ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் 0 முதல் 255 வரை எண்ணாகக் குறிக்கிறது. 255 இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் நேர்படம் கிடைக்கும். 200 என்பது 55 ஆகும். வண்ண நெகடிவின் ஆரஞ்சு நிறம் மாற்றியபின் நீலமாகப் படரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சீர்செய்து அதை நீக்கலாம்.

நாங்கள் நால்வர் சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். எங்களுள் ஒருத்தியின் பாட்டி, மறைந்த தம் தாயாரின் முகத்தைத் திரையில் கண்டு வெகுநேரம் பேசாதிருந்தார்.

படங்களை இரண்டு இடங்களில் சேமிப்போம். நெகடிவையும் எறியாமல் உலர்ந்த இடத்தில் காப்போம். ஐயாயிரம் பேர் உண்டபின், மீந்த துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னார் நம் ஆண்டவர். நம் பெட்டிகளில் கிடக்கும் துண்டுகளையும் சேர்ப்போமாக!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு